ஏரியின் பெயர் இருக்கிறது, ஏரி எங்கே?

(தனித்தமிழ் அன்பர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

 

தமிழுக்குக் கேடு வந்துற்ற இடங்களைப் பற்றி நாம் பல கூட்டங்களில் பேசியிருக்கிறோம். கல்விக்கூடத்தில் தமிழ் இல்லை என்றோம். கோயிலில் இல்லை என்றோம். ஆட்சியிலும் வழக்குமன்றத்திலும் இல்லை என்றோம். இவை யாவும் உண்மையே. ஆனால் தமிழ் வாழ்வதற்கு வாயும் ஏடும் மட்டும் போதா. காலூன்ற நிலமும் வேண்டும். ஆகலின் இன்று நம் காலடியில் உள்ள மண்ணைப் பற்றிப் பேச வந்துள்ளேன். 'மனைகள் விற்பனைக்கு' என்னும் பலகை ஓரிடத்தில் நடப்படும்போது, அந்த மண்ணுக்கு என்ன நேர்கிறது, அதன் மேல் ஓடிய நீருக்கு என்ன நேர்கிறது, அதைச் சுட்டிய சொல்லுக்கு என்ன நேர்கிறது என்பதே என் பொருள்.

பிறர் குற்றத்தைச் சொல்லுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பல்லாண்டுகளுக்கு முன் சென்னைக்குத் தெற்கே மனை வணிகர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். புதிதாக ஒரு மனைப்பிரிவு அமைப்பதாகவும், அதற்கு நல்ல தமிழ்ப்பெயர் ஒன்று வேண்டும் என்றும் கேட்டார். எல்லாரும் ஆங்கிலப் பெயர் சூட்டுகின்ற காலத்தில் ஒருவர் தமிழ்ப்பெயர் கேட்டு வருகிறாரே என்று நான் பூரித்துப் போனேன். ஒரு நாள் முழுதும் எண்ணி, வடவெழுத்துக் கலவாத இனிய பெயர் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். தொடக்க விழாவில் பொன்னாடையும் பெற்றுக்கொண்டேன். அந்நிலத்துக்கு முன்பே ஒரு பெயர் உண்டா என்று மட்டும் நான் கேட்கவில்லை. 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அங்கே மார்பளவு நீர் நின்றது. அதன் பின்னரே ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "அது தாங்கல் ஐயா! எங்கள் பாட்டன் காலத்தில் அங்கே ஏற்றம் இறைத்தார்கள்" என்றார். ஒரு தமிழ்ச்சொல்லை அழித்துவிட்டு, அதன் இடுகாட்டின் மேல் இன்னொரு தமிழ்ச்சொல்லை நான் நட்டிருக்கிறேன். அப்பெயரை இங்குச் சொல்லேன். அங்குக் குடியிருப்போர் முன்னரே நொந்தவர்கள்.

அன்பர்களே, தாங்கல் என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மழைநீரைத் தாங்கி நிற்பது தாங்கல். இரு கையாலும் ஏந்துவது போல் நீரை ஏந்துவது ஏந்தல். ஊரார் உண்ணும் நீரைத் தருவது ஊருணி. ஏர்த்தொழிலுக்கு நீர் தருவது ஏரி. பாண்டி நாட்டில் அதுவே கண்மாய். குளம், குட்டை, பொய்கை, இலஞ்சி, மடு, கயம் என்று நீர் நிற்கும் இடத்துக்கு நம் மொழி வைத்த பெயர்கள் எத்தனை! ஏரிக்குள்ளேயும் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் உண்டு. நீர் வரும் வழி வரத்துக்கால். நீரை அளந்துவிடும் வாய் மதகு, தூம்பு. மிகுந்த நீர் வழியும் இடம் கலங்கல். அங்ஙனம் வழிந்த நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும் வழி மறுகால். மேலேரி நிறைந்து கீழேரிக்கும், கீழேரி நிறைந்து அதற்கடுத்த ஏரிக்கும் நீர் இறங்கும்படி சங்கிலிபோல் கோத்து வைத்தனர் நம் முன்னோர்.

இச்சொற்கள் அகரமுதலியில் இருக்கின்றன. நம் பிள்ளைகளின் வாயில் இல்லை. வாயில் ஏன் இல்லை? கண்முன் அப்பொருள் இல்லை. கலங்கலைக் காணாத பிள்ளைக்குக் கலங்கல் என்னும் சொல் எதற்கு? பொருளை அழித்தால் சொல் தானே அழியும். ஒரு மறுகாலைத் தூர்த்து அதன்மேல் மதில் எழுப்புகிறவன், ஒரு நூலைக் கொளுத்துகிறவனைப் போன்றவனே. நூலையேனும் மறுபடி அச்சிடலாம். தூர்த்த மறுகாலை யார் வெட்டுவார்?

சென்னையின் ஊர்ப்பெயர்களைப் பாருங்கள். பழவந்தாங்கல் என்று தொடர்வண்டி நிலையம் இருக்கிறது. ஐயப்பன்தாங்கல் என்று பேருந்து செல்கிறது. மேற்கு மாம்பலத்தில் 'ஏரி காணும் சாலை' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் ஒரு சாலை இருக்கிறது. அதில் நின்று பார்த்தால் எந்த ஏரியும் தெரியாது. நுங்கம்பாக்கத்தில் 'ஏரிக்கரைச் சாலை' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் இருக்கிறது. கரையும் இல்லை, ஏரியும் இல்லை. மாம்பலம் முதல் நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த பேரேரி 1920களில் வடிக்கப்பட்டு, அந்நிலத்தில் தியாகராயர் பெயரால் நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்தில் எஞ்சிய ஏரி 1970களில் தூர்க்கப்பட்டு, 1976ஆம் ஆண்டில் அங்கே வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரத்தையே வானின் சிறப்புக்குத் தந்தவர் வள்ளுவர். அவருக்கு நாம் எடுத்த கோட்டம், வான்நீரைத் தாங்கிய ஓர் ஏரியின் மேல் நிற்கிறது! இதைச் சொல்ல எனக்கு நா கூசுகிறது. எனினும் சொல்லியே ஆகவேண்டும். ஏரியைத் தூர்த்தவன் அயலான் மட்டும் அல்லன். தமிழின் பெயரால் நாமும் தூர்த்தோம்.

இனிக் கணக்குக்கு வருவோம். சென்னையில் ஒரு மனை என்பது 2,400 சதுர அடி. 2015 திசம்பர்த் திங்கள் முதல் நாள் தொடங்கி ஒரு பகல் ஓர் இரவில் தாம்பரத்தில் பெய்த மழை 49 செண்டிமீட்டர். அம்மழை ஒரு மனையின் மேல் விழுந்தால், அந்நீர் ஓர் இலக்கத்து ஒன்பதாயிரம் இலிட்டர். பன்னிரண்டாயிரம் இலிட்டர் கொள்ளும் தண்ணீர் வண்டிகள் ஒன்பதை ஒரே மனையில் கவிழ்த்ததற்கு ஒப்பு. திறந்த மண்ணாயின் அதில் ஒரு பங்கைக் குடித்திருக்கும். தாங்கலாயின் பெரும் பங்கைத் தாங்கியிருக்கும். கற்காரைத் தளமோ ஒரு துளியையும் குடியாது; அவ்வளவையும் தெருவுக்குத் தள்ளும். தெரு எங்கே தள்ளும்? தாழ்ந்த இடத்துக்கு. தாழ்ந்த இடம் எது? முன்பு ஏரியாக இருந்தது. இன்று அங்கே யார்? கடன் வாங்கி வீடு கட்டிய நம் உடன்பிறப்பு.

அடுத்து 2019ஆம் ஆண்டை நினைவுகூருங்கள். நான்கே ஆண்டுகள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒன்பது வண்டி நீரை ஒரு நாளில் வெள்ளம் என்று வைது கடலுக்கு விரட்டிய அதே நகரம், ஒரு வண்டி நீருக்குக் குடத்துடன் தெருவில் நின்றது. வெள்ளமும் வறட்சியும் இரண்டு நோய்கள் அல்ல. நீரைத் தாங்கும் இடத்தைத் தொலைத்த ஒரே நோயின் இரண்டு முகங்கள். 2018ஆம் ஆண்டில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்குத் தணிக்கை அறிக்கையே, 2015ஆம் ஆண்டு வெள்ளம் மாந்தரால் விளைந்த பேரிடர் என்று குறித்தது. இயற்கையின் மேல் பழிபோட இனி இடமில்லை.

பள்ளிக்கரணையைச் சொல்லாமல் இப்பேச்சு நிறையாது. தென்சென்னையின் ஏரிகள் பலவும் நிறைந்து வழியும் நீர் வந்து தங்கும் சதுப்பு அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்தில் கடலோடு கலக்கும். அதை நம் மக்கள் கழிவெளி என்றனர். கழி என்பது உப்பங்கழி; நெய்தல் நிலத்தின் நீர்ப்பரப்பு. கழி பரந்த வெளி கழிவெளி. எவ்வளவு துல்லியமான சொல்! ஆங்கிலேயன் வந்தான். வரி வாராத நிலமெல்லாம் அவன் கணக்கில் வீண்நிலம். விடுதலைக்குப் பின்னும் நாம் அந்தக் கணக்கையே வைத்துக்கொண்டோம். வீண்நிலம் என்று எழுதிவிட்டால் யாருக்கும் தரலாம் அன்றோ? குப்பைக்குத் தந்தோம், பெருங்குடியில் மலைபோல் குவித்தோம். சாலைக்குத் தந்தோம். நடுவணரசின் ஆய்வு நிறுவனங்களுக்குத் தந்தோம். அடுக்ககங்களுக்கு வழிவிட்டோம். கழி என்னும் சொல்லின் பொருள் மறந்தது, கழியைக் கழிவாக்கிவிட்டோம்.

முன்பு ஐயாயிரம் எக்டேருக்கு மேல் பரந்திருந்தது அச்சதுப்பு என்பர். 2007ஆம் ஆண்டில் 317 எக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் 1,247 எக்டேர், உலக நாடுகள் ஒப்பிய இராம்சார் உடன்படிக்கையின் கீழ்ப் பட்டியலில் ஏறியது. மகிழ்ச்சியே. ஆனால் பட்டியலில் ஏறிய பின்னும் அதன் எல்லை எது, எல்லையைச் சுற்றி எவ்வளவு தொலைவுக்குக் கட்டடம் கூடாது என்பவை 2025ஆம் ஆண்டிலும் வழக்காகத் தீர்ப்பாயத்தின் முன்னும் உயர் வழக்குமன்றத்தின் முன்னும் நின்றன. சதுப்பு என்பது வேலி போட்ட தோட்டம் அன்று. மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். கோடையில் அளந்து எல்லைக்கல் நட்டு, "கல்லுக்கு வெளியேதான் கட்டினோம்" என்பது, மூச்சை வெளியே விட்டிருக்கும்போது ஒருவன் மார்பை அளந்து சட்டை தைப்பது போன்றது.

"மக்களுக்கு வீடு வேண்டாவா?" என்று கேட்பார்கள். வேண்டும். தமிழன் தன் நாட்டில் வாடகைக் குடியனாகவே சாகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. மனை வணிகர் எல்லாரும் கொடியர் என்றும் சொல்லேன். நேர்மையாகத் தொழில் செய்வோரும் உளர். ஆனால் வீடு என்பது என்ன? துன்பத்தினின்று விடுபட்டுத் தங்கும் இடம் வீடு. ஆண்டுதோறும் கார்காலம் வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு மாடிக்கு ஏறும் இடம் வீடாகுமா? தம் மனையைச் சரக்குந்து சரக்குந்தாக மண்கொட்டி நான்கடி உயர்த்துகிறார்கள். நீர் என்ன செய்யும்? அடுத்த மனைக்குப் போகும். அவரும் ஐந்தடி உயர்த்துவார். கடைசியில் உயர்த்தப் பணமில்லாத ஏழையின் குடிசையில் அவ்வளவு நீரும் வந்து நிற்கும். உயர்த்திய ஒவ்வொருவரும் தம்மைக் காத்துக்கொண்டதாக எண்ணுகிறார். உண்மையில் தம் வெள்ளத்தை இன்னொருவர்க்கு விற்றிருக்கிறார்.

ஏழையைப் பற்றிச் சொன்னேன். வெள்ளம் வந்தபின் வன்வளைப்பு அகற்றல் என்று ஆட்சியாளர் புறப்படுவர். எங்கே தொடங்குவர்? அடையாற்றங்கரைக் குடிசைகளிலும் கூவக்கரைக் குடிசைகளிலும். அக்குடிகளைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் கொண்டுபோய்க் குவித்தார்கள். அவ்விடங்கள் எவை? அதே கழிவெளியின் ஓரங்கள்! ஒரு வெள்ளத்திலிருந்து பெயர்த்து இன்னொரு வெள்ளத்தில் வைத்தார்கள். பெயரோ கண்ணகி நகர். தன் ஊரை விட்டு வந்து, வந்த ஊரில் முறை தவறியது கண்டு, அரசனின் வாயிலில் நின்று கேட்டவள் கண்ணகி. பெயர் சூட்டியவர் அதை நினைத்துத்தான் சூட்டினாரோ, அறியேன். தமிழ்ப்பெயர் சூட்டிவிட்டால் முறைகேடு முறையாகிவிடாது. இதை நானே பட்டுத் தெளிந்தேன் என்று முன்னரே சொன்னேன்.

நம் முன்னோர் இதை எவ்வாறு ஆண்டனர்? புறநானூற்றில் குடபுலவியனார் என்னும் புலவர், போரில் வென்று செருக்கிய பாண்டியன் நெடுஞ்செழியனிடம் சென்று, நிலத்தோடு நீரைக் கூட்டியவரே உடம்போடு உயிரைப் படைத்தவர் என்னும் கருத்தைச் சொல்லி, பள்ளமான இடந்தோறும் நீர்நிலை அமைக்க அறிவுறுத்தினார். பள்ளத்தைக் கண்டால் நீரைத் தேக்கு என்றார் புலவர். பள்ளத்தைக் கண்டால் மண்ணைக் கொட்டு என்கிறோம் நாம்.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் பாருங்கள். முதற் பராந்தகச் சோழன் காலத்தில், ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்டவை. ஏரியைக் காக்க ஏரி வாரியம் என்று தனிக்குழு, அதற்கு அறுவர், குடவோலையால் தேர்வு. முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் ஓலையில் பெயர் எழுதப்பெறும் தகுதி அற்றவர் என்று அங்கே வெட்டியிருக்கிறது. அவ்வூர் பார்ப்பனர்க்கு இறையிலியாக விடப்பட்ட ஊர். அவ்வவையில் உழுகுடிக்கு இடமில்லை என்பதை நான் மறைக்கவில்லை. அக்குறையைத் தள்ளுவோம், நெறியைக் கொள்வோம். ஏரியின் பொறுப்பாளர் கணக்குக் காட்டவேண்டும் என்னும் நெறி இன்றைக்கும் பொருந்தும். இன்று ஏரியைத் தொலைத்தவரே மறுபடி தேர்தலில் நிற்கிறார். அவர் உறவினரே அங்கு மனை விற்கிறார்.

சட்டம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கட்டடந்தோறும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புடைய கட்டடங்களுக்கு முன்கூட்டியே சூழல் ஒப்புதல் வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் அறிவிக்கை. ஏரிகளைக் காக்கவும் வன்வளைப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் வந்தது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கைத் திறந்த வெளியாக ஒப்படைக்க வேண்டும் என்பது நெறி. மனை வணிகத்தை முறைப்படுத்த 2016ஆம் ஆண்டில் நடுவணரசின் சட்டம் வந்தது. எழுத்தில் எல்லாம் உள்ளன. குறை எங்கே? சட்டம் மனையை மனையாகப் பார்க்கிறது. ஏரிச்சங்கிலியைச் சங்கிலியாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு தாளும் ஒழுங்காக இருக்கும்; ஒவ்வொரு கட்டடமும் ஒப்புதல் பெற்றிருக்கும்; எல்லாம் சேர்ந்து ஊர் மூழ்கும்.

ஆகலின் நான் சிலவற்றை வேண்டுகிறேன். முதலில் கட்டுவோர்க்கு: மனைக்குள் ஒரு வாய்க்கால் ஓடினால் அதைக் குழாய்க்குள் திணிக்காமல், திசை மாற்றாமல், கரையோடு விடுங்கள். அது உங்கள் நிலத்தின் குறை அன்று. நீங்கள் விற்கும் வீட்டின் காப்பு. பெய்யும் மழையில் ஒரு பங்கையேனும் உங்கள் எல்லைக்குள்ளேயே மண்ணுக்கு ஊட்டுங்கள். ஏரியை மூடிவிட்டு அதன் பெயரை ஆங்கிலத்தில் பலகையில் எழுதாதீர்கள், தமிழிலும் எழுதாதீர்கள்.

அடுத்து வாங்குவோர்க்கு. இங்கு அமர்ந்திருப்போரில் பலர் மனை வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பீர்கள். வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். சிற்றூர் ஆட்சி அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண் என்ன வகைப்பாட்டில் உள்ளது என்று பாருங்கள். நன்செய்யா, புன்செய்யா, ஏரிப் புறம்போக்கா, வாய்க்கால் புறம்போக்கா, மேய்க்காலா? புலப்படத்தில் கால் ஏதும் குறுக்கே ஓடுகிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்வூர் முதியவர் ஒருவரைக் கண்டு, "ஐயா, இந்த நிலத்துக்கு முன்பு என்ன பெயர்?" என்று கேளுங்கள். அரசின் கணக்கு பொய் சொல்லலாம். விற்பவர் பொய் சொல்லலாம். அப்பெயர் பொய் சொல்லாது. தாங்கல் என்றால் அது தாங்கல்தான்.

முடிவாக, நம் இயக்கத் தோழர்க்கு. தனித்தமிழ் இயக்கம் சொற்களை மீட்கும் இயக்கம். சொற்களை எங்கே மீட்கிறோம்? பழைய நூல்களில். அது வேண்டும். ஆனால் வழக்கில் உயிரோடு இருந்த சொற்கள் ஊர்தோறும் நம் கண்முன்னே செத்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் ஊரின் ஏரி, தாங்கல், ஏந்தல், ஊருணி, கால், மடு ஒவ்வொன்றின் பெயரையும் முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். அது எங்கிருந்து நீர் பெற்றது, எங்கே நீர் விட்டது, இன்று அவ்விடத்தில் என்ன நிற்கிறது என்பதையும் எழுதுங்கள். ஊர் மன்றக் கூட்டத்தில் அதைப் படியுங்கள். பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். வழக்குமன்றம் செல்ல நேர்ந்தால் அதுவே சான்றாகும். நீர் எஞ்சிய இடத்தில் மண்வெட்டி எடுத்து இறங்குங்கள். குடிமராமத்து என்று பிற்காலத்தார் பாதி அயற்சொல்லால் அழைத்த அந்தப் பணி, ஊரார் கூடித் தம் ஏரியைத் தாமே காத்த பணி. பெயர் கலந்தது, பணி நம்முடையது.

வெள்ளம் வடிந்த பின் ஒருமுறை நான் பெயர் சூட்டிய அம்மனைப்பிரிவுக்குச் சென்றேன். நுழைவாயிலில் என் பெயர்ப்பலகை இன்னும் இருந்தது. நீர் நின்ற அளவுக்கு அதன் கீழ்ப்பாதி நிறம் மாறியிருந்தது. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. அதைப் படித்துக்கொண்டே நெடுநேரம் நின்றேன். என் தமிழில் பிழையில்லை. என் அறத்தில் பிழை. அப்பிழையை இனி நம்மில் எவரும் செய்யலாகாது என்பதற்கே இவ்வளவும் சொன்னேன்.

மண் இருந்தால் மொழி இருக்கும். நீர் இருந்தால் மண் இருக்கும். வாழ்க தமிழ்நிலம்! வெல்க தமிழ்!